வெள்ளியங்கிரியும் என் தொந்தியும்

2024-ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள் இரவு, வெள்ளியங்கிரி மலையின் முதற் குன்றில், பாதித் தூரங்கூட ஏறாத நிலையில், நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. உயரம் ஐந்தரை அடி. எடை 84 கிலோ. உத்தியோகம், கோயம்புத்தூரில் பள்ளிக்கூட உபாத்தியாயர்.

மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு ஒரு மூதாட்டி மேலே வந்தார். வயது எழுபதுக்குக் குறையாது. என்னைக் கண்டதும் நின்றார்.

"ஏனுங் கண்ணு, மொத மலையிலயே உக்காந்துட்டீங்க? இன்னும் ஆறு இருக்குதே!" என்றார். பரிகாசம் ஒன்றுமில்லை, மெய்யான இரக்கந்தான். அதுவே அதிகமாகச் சுட்டது.

அம்மலையை அறியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். கோயம்புத்தூருக்கு மேற்கே பூண்டி என்னும் அடிவாரத்திலிருந்து ஏழு குன்றுகளைக் கடந்து, ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஏறினால், ஆறாயிரம் அடியை நெருங்கும் உயரத்தில் ஈசனைத் தரிசிக்கலாம். மாசி முதல் வைகாசி வரை ஜனங்கள் திரள்திரளாக ஏறுவார்கள். பெரும்பாலோர் இரவில் புறப்பட்டு உதய காலத்தில் உச்சியை அடைவது வழக்கம். எங்கள் கொங்கு நாட்டில் ஓர் ஆண்மகனின் தேகபலத்துக்கு இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது.

என் மார்பில் ஏதோ இறுக்கம் தோன்றியது. உடன் வந்த நண்பர்கள் எவ்வளவோ தைரியம் கூறினார்கள். நான் கேளாமல் திரும்பி இறங்கிவிட்டேன். அந்தக் கோழைத்தனத்துக்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. அவ்வாண்டு மலையேற்றக் காலத்தில் அம்மலைமீது மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் பலர் மாண்டுபோயினர். அவர்களில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருந்தவர்களும் உண்டு. இருதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்த்மா உள்ளவர்கள் ஏற வேண்டாமென்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். ஆனால் தமக்கு இந்த நோய்கள் இருப்பதையே அறியாதவர்கள் அந்த எச்சரிக்கையைக் கேட்டு என்ன செய்வார்கள்?

ஊர் திரும்பியதும் வைத்தியரிடம் போனேன். ஈ.ஸி.ஜி. எடுத்தார், இரத்தம் சோதித்தார், பிறகு தையற்காரர்போல் நாடாவை எடுத்து இடுப்பை அளந்தார். 104 ஸென்டிமீட்டர்! நம் தேசத்து ஆண்களுக்கு 90-க்கு மேல் போவது அபாயமென்றும், கை கால் மெலிந்திருக்க வயிறு மட்டும் பெருப்பதே நம்மவர்களின் தனி வியாதியென்றும் விளக்கினார். முப்பது வயதுக்குப் பிறகு, பயிற்சியில்லாதவனுக்குப் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு வரையில் தசை கரைந்துபோகிறதாம். தசை குறையக் குறைய உடம்பு செலவிடும் சக்தியும் குறைகிறது. சாப்பாடோ குறைவதில்லை. மிச்சமெல்லாம் தொந்தியாகச் சேமிக்கப்படுகிறது.

எங்கள் அப்பாரு (தந்தையின் தந்தையைக் கொங்கில் இப்படித்தான் அழைப்போம்) ஒரு மலை கம்பங்களி உண்பார். அவருக்குத் தொந்தி இருந்ததில்லை. விடியுமுன் கவலை பூட்டி, மாடுகளோடு கிணற்றுச் சரிவில் முன்னும் பின்னும் நடந்தே தோட்டத்துக்கு நீர் இறைத்தவர் அவர். 1932-இல் பைக்காராவில் மின்சாரம் பிறந்தது. 1937-இல் கோயம்புத்தூரிலேயே மோட்டார் செய்தார்கள். கவலைமாடு ஓய்வு பெற்றது. நல்ல காரியந்தான், மாட்டுக்கும் மனிதனுக்கும் விடுதலை கிடைத்தது. ஆனால் அப்பாருவின் வட்டில் மட்டும் அப்படியே என்னிடம் வந்து சேர்ந்தது. களியின் இடத்தில் வெள்ளைச் சோறு ஏறியது.

சர்க்கரை விஷயத்திலும் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. 1912-இல் இங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே உருவான 'கோ 205' முதலிய ரகங்கள் தேசத்தையே இனிப்பாக்கின. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு நான்கு காப்பி. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. ஆக எட்டுக் கரண்டி, அதாவது நாற்பது கிராம். வருஷத்துக்கு 14 கிலோவுக்கு மேல்! பேக்கரித் தேங்காய் பன்னையும் மாலை வேளையில் ரோட்டோரத்துக் காளானையும் நான் இதில் சேர்க்கவில்லை. சேர்க்கத் தைரியம் வரவில்லை.

முதலில் நான் செய்தது தவறு. நகரில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பதாக வாக்களித்து, ஏதோ மாவு டப்பாக்களையும் என் தலையில் கட்டினார்கள். மூன்றாம் நாளே அளவுக்கு மீறி எடை தூக்கித் தோள் சுளுக்கிக்கொண்டது. அப்புறம் ஒரு வாரம் இடது கையால்தான் கரும்பலகையில் எழுதினேன்.

தேகாப்பியாசத்தில் எங்கள் ஊருக்குப் பழம் பெருமை உண்டு. ஐரோப்பிய பலசாலியான சாண்டோ 1904-05-இல் நம் நாட்டில் சுற்றுப் பிரயாணம் செய்தார். 1915-இல் இவ்வூரில் பிறந்த சின்னப்பா தேவர் அந்தப் பெயரையே தம் பெயருக்கு முன்னால் பட்டமாக்கிக்கொண்டார். ஆயினும் நாற்பதைக் கடந்த குடும்பஸ்தனுக்குச் சாண்டோவைவிட நல்ல வழிகாட்டி ராஜாஜி என்பது என் அபிப்பிராயம். திருச்செங்கோட்டுக்கருகே புதுப்பாளையத்தில் 1925-இல் ஆசிரமம் அமைத்தவர் அவர். 1930 ஏப்ரலில், ஐம்பத்தொரு வயதில், திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரையில் சுமார் 150 மைல் உப்பு யாத்திரை நடந்தார். நாளுக்கு ஏறக்குறையப் பத்து மைல். அந்த மெலிந்த தேகத்தைக் கண்டு எந்த மல்யுத்த வீரனும் பொறாமைப்பட்டிருக்க மாட்டான்.

ஆகவே நடக்கத் தொடங்கினேன். விடியற்காலையில் ரேஸ் கோர்ஸ் சாலையை முதல் மாதம் ஒரு சுற்று, பிறகு இரண்டு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம் என்றார் வைத்தியர். வாரத்தில் மூன்று நாள் வீட்டுத் திண்ணையைப் பிடித்துக்கொண்டு தண்டாலும் பஸ்கியும். வெறும் நடையோடும் பட்டினியோடும் நின்றால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போய்விடுமாம். ஞாயிறுதோறும் மருதமலையின் எண்ணூற்றுச் சொச்சம் படிகள்.

எடையை இறக்கியது நடையைவிட வட்டில்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேர நடையில் செலவான சக்தியை இரண்டு பப்ஸ் ஐந்தே நிமிஷத்தில் திருப்பித் தந்துவிடும். சோற்றைப் பாதியாக்கினேன். காயையும் பருப்பையும் இரட்டித்தேன். காப்பியில் சர்க்கரை நின்றது. முதல் வாரம் உலகமே கசந்தது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு என் மனைவி கொள்ளு ரசமாகவே வைத்துத் தள்ளினாள். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. அதிலுள்ள புரதம் சீக்கிரம் பசி எடுக்காமல் காக்கும், அவ்வளவே. கம்பும் அப்படியே. சிறுதானியம் என்ற பெயரில் மூன்று வட்டில் களி உண்டால் அதுவும் தொந்திதான்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதுமென்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தாரின் அறிவுரை. என் உடம்பு அந்த வேகத்துக்குக்கூட இசையவில்லை. ஆவணியில் ஒரு கல்யாண வரிசை வந்தது. ஒரு மாத உழைப்பு விருந்துப் பந்தியில் கரைந்தது. தீபாவளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏறியும் இறங்கியும் 2025 மாசியில் 73 கிலோவில் வந்து நின்றேன். இடுப்பு 93. வைத்தியருக்கு இன்னும் மூன்று பாக்கி.

மறுபடியும் ஈ.ஸி.ஜி. எடுத்து, அவர் தலையசைத்த பிறகே பூண்டிக்குப் போனேன். குறைந்த பதினொரு கிலோவை ஓர் அரிசிப் பையாக எண்ணிப் பாருங்கள். சென்ற தடவை ஒவ்வோர் அடியிலும் அந்தப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டல்லவா ஏறினேன்! பழைய பாறையருகே நின்று ஒரு வாய் நீர் குடித்தேன். மூதாட்டியைக் காணவில்லை. விடியும்போது உச்சியில் குளிர் எலும்பைத் துளைத்தது. மேகங்கள் காலடியில் கிடந்தன.

இறங்குவதுதான் எனக்குத் தெரியாத பாடம். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதனால் ஏற்றத்தைவிட அதிகம் வலிக்கிறது. மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். நான்காம் நாள் எழுந்து நின்றபோது வகுப்பிலிருந்த பையன்கள் கை தட்டினார்கள்.