போதையிலிருந்து மீள ஊரை விட்டுப் போகத்தான் வேண்டுமா?

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் காலபோக அறுவடை நேரத்தில் எம்மிடம் வந்திருந்தார். "சுவாமி, என்ர பெடியனை எங்கையாவது தூர இடத்தில கொண்டுபோய் அடைச்சு விடுங்கோ. ஆறு மாதமோ ஒரு வருசமோ, நான் தாங்குவன்" என்றார். மகன் தூள், அதாவது ஹெரோயின், பாவிப்பவன். தகப்பனின் வலையை விற்றுவிட்டான். தாயின் தோட்டையும் போய்விட்டது. அடைத்து வைத்தால் திருந்துவான் என்பதே அந்தத் தாயின் நம்பிக்கை.

அதே கிராமத்து இளைஞன் ஒருவனின் அடக்கம் எமக்கு நினைவுக்கு வந்தது. பல மாதங்கள் வெளியூரில் இருந்துவிட்டுச் சுகமாகத் திரும்பியவன், வந்த மூன்றாம் நாள் இறந்துபோனான். "மனதில் உறுதியில்லை" என்று ஊர் பேசியது. நாமும் அப்படித்தான் எண்ணினோம். நாம் எண்ணியது தவறு என்பதைப் பின்னர்தான் கற்றுக்கொண்டோம். கற்றதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குணக்கேடா, நோயா?

ஹெரோயின், மோர்பின், திரமடோல் போன்றவை அபின் இனத்தைச் சேர்ந்தவை. மூளையில் வலியையும் இன்பத்தையும் கட்டுப்படுத்தும் இடங்களில் இவை போய் ஒட்டிக்கொள்கின்றன. தொடர்ந்து பாவிக்கும்போது மூளை அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. முதலில் இன்பத்துக்காக எடுத்தவர், பின்னர் வேதனை வராமல் இருப்பதற்காகவே எடுக்கின்றார்.

ஹெரோயினை நிறுத்தி ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலங்களில் உடல் முறுக்கு, வியர்வை, வாந்தி, வயிற்றோட்டம், நித்திரையின்மை என்பன தொடங்குகின்றன. இரண்டாம், மூன்றாம் நாட்களில் அவை உச்சத்துக்குப் போய், ஒரு கிழமையளவில் தணிகின்றன. சுகதேகி ஒருவரை இவ்வேதனை சாதாரணமாகக் கொல்வதில்லை. ஆயினும் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் உடல் நீர் வற்றாமல் ஜீவனி போன்றவற்றைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடல் வேதனை ஒரு கிழமையில் தணிந்தாலும், மூளை பழைய நிலைக்குத் திரும்ப மாதங்களும் வருடங்களும் செல்லும். ஏக்கம் அதுவரை போவதில்லை. எனவே இதனைச் சலரோகம், பிறஷர் போன்ற நீண்டகால நோயாகவே மருத்துவர்கள் கருதுகின்றனர். சலரோகக்காரர் ஒருவருக்குச் சீனி ஏறினால் அவரை நாம் அடிப்பதுமில்லை, அடைப்பதுமில்லை, கிளினிக்குக்கு அனுப்புகின்றோம்.

மருந்துகள் மூன்று

முதலாவது மெதடோன். 1960களின் நடுப்பகுதியில் நியூயோர்க் நகரில் வின்சன்ற் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் இதனை ஹெரோயின் நோயாளருக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். இதுவும் அபின் இன மருந்தே. ஆனால் மெதுவாக வேலை செய்து ஒரு நாளுக்கு மேல் உடலில் நிற்கின்றது. நாளுக்கு ஒரு தடவை தாதியின் முன்னால் குடித்துவிட்டு, வேதனையும் மயக்கமும் இன்றி வேலைக்குப் போகலாம். அளவு மீறினால் மூச்சை நிறுத்தக்கூடிய மருந்து என்பதால் மேற்பார்வை அவசியம்.

இரண்டாவது பியூபிரினோர்பின். நாவின் கீழ் வைத்துக் கரைக்கும் குளிசை. மூளையில் ஹெரோயின் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டினாலும், ஓரளவுக்கு மேல் இதன் தாக்கம் ஏறுவதில்லை. எனவே மெதடோனை விட ஆபத்துக் குறைவு. ஆனால் ஹெரோயின் உடலில் இருக்கும்போதே இதனைக் கொடுத்தால் வேதனை ஒரேயடியாகக் கிளம்பும். வேதனையின் அறிகுறிகள் தொடங்கிய பின்னரே ஆரம்பிக்க வேண்டும்.

மூன்றாவது நால்ட்ரெக்ஸோன். இது அபின் இனத்தைச் சேர்ந்ததல்ல. கதவைப் பூட்டுவது போல, ஹெரோயின் எடுத்தாலும் போதை ஏறாமல் தடுக்கின்றது. இதனைத் தொடங்க முன்னர் ஏழு முதல் பத்து நாட்களாவது ஹெரோயின் இன்றி இருக்க வேண்டும். நோயாளி இடையில் நிறுத்திவிடுவது இதன் பலவீனம். ஆகவே பொறுப்புள்ள உறவினர் ஒருவர் கையால் கொடுப்பது நல்லது.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாமும் கேட்டோம். விடை எண்களில் இருக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் மெதடோனையும் பியூபிரினோர்பினையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை வெளியிட்ட கட்டுரையின்படி, மெதடோன் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் வருடத்துக்கு ஆயிரம் பேரில் சுமார் 11 பேர் இறந்தனர்; அதனை விட்ட காலத்தில் சுமார் 36 பேர் இறந்தனர். ஓர் உயிர் திருந்துவதற்கு முதலில் அது இருக்க வேண்டும் அல்லவா?

வீட்டிலிருந்தே வந்துபோகும் சிகிச்சை

இந்தியாவின் பஞ்சாப் மாநிலம் 2017 ஒக்டோபரில் வெளிநோயாளர் நிலையங்களைத் திறந்தது. நோயாளி காலையில் வருவார்; தாதி குளிசையை நாவின் கீழ் வைப்பார்; கரைந்த பின் உளவளத்துணையாளருடன் பேசிவிட்டு நோயாளி வயலுக்கோ வேலைக்கோ போவார். 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது மருந்தை வீட்டுக்கே கொண்டுபோகவும் அனுமதித்தார்கள்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய நிறுவனம் குடும்பத்தவருக்கும் சேர்த்தே சிகிச்சை வழங்கிவருகின்றது. மதுவுக்கு அடிமையானோருக்காக மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம்களும் நடத்தியிருக்கின்றது. ஊரை விட்டு நோயாளியைக் கொண்டுபோகாமல், ஊருக்கே சிகிச்சையைக் கொண்டுவரலாம் என்பதற்கு இது சான்று.

மருந்து உடலின் ஏக்கத்தைத் தணிக்கும், வாழ்க்கையைத் திருத்தாது. அது உளவளத்துணையின் வேலை. எந்த நேரத்தில், எந்தச் சந்தியில், எந்த நண்பனைக் கண்டால் ஆசை கிளம்புகின்றது என்பதை நோயாளி தானே அறிந்துகொள்ளப் பழக்குகின்றார்கள். சம்பளம் கையில் கிடைக்கும் மாலைப் பொழுது ஒருவருக்கு ஆபத்து. கடல் மூடி வேலையின்றி இருக்கும் நாட்கள் இன்னொருவருக்கு ஆபத்து. இடையில் ஒருதடவை தவறினால் எல்லாம் பாழ் என்று எண்ணாமல், அடுத்த கிழமையும் கிளினிக்குக்கு வருவதே வெற்றி.

எமது நாட்டில்

இலங்கையில் 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. அது தலங்கம, கண்டி முதலிய இடங்களில் சிகிச்சை நிலையங்களை நடத்துகின்றது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் ஒருவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெறவும், நீதிமன்றக் கட்டளையின் பேரில் அனுப்பப்படவும் வழி செய்கின்றது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு இந்த இரண்டாம் வழியின் பெயராகவே மக்கள் மனதில் பதிந்துவிட்டது. 2022 ஜூனில் அங்கு ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுமாறு ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012இலேயே கூட்டாகக் கேட்டிருந்தன.

தங்கியிருந்து பெறும் சிகிச்சை சிலருக்கு அவசியமே. அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் போனவர் திரும்பி வருவது அதே ஊருக்கு, அதே சந்திக்கு. அங்கே அவரை யார் தொடர்ந்து பார்ப்பது என்பதே கேள்வி.

ஆபத்தான இரண்டு கிழமைகள்

இறந்துபோன அந்த இளைஞனிடம் மீண்டும் வருவோம். மாதக்கணக்கில் தூள் எடுக்காதபோது உடல் அதனைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகின்றது. முன்பு பழகிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். சிறையிலிருந்தோ நிலையத்திலிருந்தோ திரும்பிய முதல் இரண்டு கிழமைகளே மிகவும் ஆபத்தானவை. அவனுக்கு மனவுறுதி குறைந்திருந்தது என்பதல்ல விடயம். இந்த உண்மையை அவனுக்கும் தாய்க்கும் எமக்கும் எவரும் சொல்லியிருக்கவில்லை.

மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி, எழுப்பியும் எழும்பாதவரைக் கண்டால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நலோக்ஸோன் என்ற மாற்று மருந்து சில நிமிடங்களில் மூச்சைத் திரும்பச் செய்யும். பொலிசுக்குப் பயந்து நேரத்தைக் கடத்துவதே உயிரைப் பறிக்கும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவை அணுகுங்கள். எந்த மருந்து பொருத்தமானது, அது எங்கே கிடைக்கும் என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். கடையில் குளிசை வாங்கித் தாமாக வைத்தியம் பார்க்க வேண்டாம். நித்திரைக் குளிசை, பிரிகபலின், சாராயம் என்பன தூளோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும்.

இரண்டாவதாக, யுத்தத்தில் காயப்பட்டு இன்னும் உடலில் சன்னத் துண்டுகளோடு வாழ்வோர் எம்மத்தியில் பலர். வலிக்காகத் தொடங்கிய குளிசை சிலருக்குப் பழக்கமாகிவிடலாம். அவர்களை அடிமைகள் என்று ஒதுக்காமல், வலிக்கும் பழக்கத்துக்கும் ஒன்றாகச் சிகிச்சை கேளுங்கள்.

மூன்றாவதாக, 'ஐஸ்' அபின் இனத்தைச் சேர்ந்ததல்ல. மேற்சொன்ன மருந்துகள் அதற்கு உதவமாட்டா. அதற்கு உளவளத்துணையும் தொடர் கவனிப்புமே பிரதான வழி. எதைப் பாவித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

நான்காவதாக, கிளினிக் நாளில் பஸ் காசு இல்லாமல் சிகிச்சையை விட்டவர்கள் உண்டு. மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் இந்தச் சிறு தொகையை ஏற்கலாம். மீண்டுவந்தவருக்கு வள்ளத்தில் ஓர் இடம், வயலில் ஒரு நாள் வேலை கொடுக்கலாம்.

அந்தத் தாயிடம் நாம் சொன்னதும் இவைதான். "அப்ப அவன் வீட்டிலேயே இருக்கலாமா, சுவாமி?" என்று கேட்டார். இருக்கலாம், ஆனால் தனியே விடக்கூடாது என்றோம். முதல் கிளினிக்குக்கு நாமும் கூடப் போனோம். மருத்துவரின் மேசை முன்னால் தாயும் மகனும் அருகருகே இருந்தார்கள். பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் இருவரும் ஒன்றாக இருந்ததாகத் தாய் சொன்னார். அவன் அதன் பின் ஒருதடவை தவறினான், மீண்டும் வந்தான். இப்போதும் வந்துகொண்டிருக்கின்றான்.

உங்கள் கிராமத்திலும் அப்படி ஒருவர் இருக்கின்றார் அல்லவா? அடுத்த கிளினிக் நாளில் அவருடன் பஸ் ஏறப்போவது யார்?