தோள் சுழற்றுத் தசைநாண் கிழிவில் தசை மெலிவைப் படிமங்களால் மதிப்பிடுதல்

முன்னுரை

சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களில் பெட்டிகளையும் தாள்கட்டுகளையும் தூக்கி அடுக்குவோருக்குத் தோள் வலிமையே முதல். தோளின் சுழற்றுத் தசைநாண் கிழிந்தால், அறுவைக்குப் பின் கை மீண்டும் உயருமா என்பது அவர்தம் கூலியோடு பிணைந்த வினா. அதன் விடை கிழிவின் அளவை மட்டுமன்றித் தசையின் நிலையையும் பொறுத்தது. அந்நிலையைப் படிமங்களால் மதிப்பிடும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

மெலிவும் கொழுப்பும்

தோளைச் சூழ்ந்த நான்கு தசைகளின் நாண்கள் மேற்கை எலும்பின் தலையைக் குழியில் நிலைநிறுத்துகின்றன. இவற்றுள் முள்மேல் தசையின் நாணே பெரும்பாலும் கிழிகிறது. அறுபட்ட நாண் பின்வாங்க, இழுவிசை இழந்த தசை சிறுக்கிறது, இது மெலிவு. தசையினுள் கொழுப்பு படிவது கொழுப்பு ஊடுருவல். இவ்விரண்டும் தனித்தனியே மதிப்பிடத்தக்கவை.

மதிப்பீட்டு முறைகள்

1994இல் கூட்டாலியே குழுவினர் சி.டி. படிமங்களைக் கொண்டு கொழுப்பை ஐந்து நிலைகளாகப் பகுத்தனர். கொழுப்பின்மை 0; சில கீற்றுகள் 1; தசையைவிடக் கொழுப்பு குறைவு 2; இரண்டும் சமம் 3; கொழுப்பே மிகுதி 4. 1999இல் ஃபுக்ஸ் குழுவினர் இப்பகுப்பை எம்.ஆர்.ஐ. படிமங்களுக்குப் பொருத்திக் காட்டினர்.

மெலிவை அளக்க, தோள்பட்டை எலும்பு ஆங்கில 'ஒய்' எழுத்துப்போல் தோன்றும் வெட்டுப்படிமம் பயன்படுகிறது. அதில் முள்மேல் குழியின் பரப்பில் தசை நிரப்பும் பங்கைத் தொமாசோ குழுவினர் 1996இல் கணக்கிட்டனர். 0.60க்கு மேல் இயல்பு அல்லது சிறு மெலிவு, 0.40 முதல் 0.60 வரை நடுத்தர மெலிவு. அதற்கும் கீழ் கடும் மெலிவு. 1998இல் சனெட்டி குழுவினர் எளிய வழியொன்றைத் தந்தனர். தோள்பட்டை முள், கொராகாய்டு முனை ஆகியவற்றின் மேல்விளிம்புகளை இணைத்துக் கோடு வரைந்தால், இயல்பான தசை அதனைத் தாண்டி நிற்கும். மெலிந்த தசை கோட்டிற்குக் கீழே தாழும்.

கவனிக்கத்தக்கவை

நாண் பின்வாங்கும்போது தசையின் பருத்த பகுதியும் உட்புறம் நகர்வதால், அவ்வெட்டில் மெலிவு மிகையாகத் தோன்றலாம். படிமமெடுப்பு 'ஒய்' வெட்டுவரை உட்புறம் நீளாவிடில் இவ்வளவீடே இயலாது. அல்ட்ராசவுண்டில் கொழுப்பேறிய தசை வெளுத்துத் தோன்றும். ஆயின் அம்முடிவு செய்பவரின் பயிற்சியைச் சார்ந்தது.

முடிவுரை

கொழுப்பு மிகுந்த தசையில் தைத்த நாண் மீண்டும் கிழியும் வாய்ப்பு கூடுகிறது. படிந்த கொழுப்போ தைத்த பின்னும் பெரும்பாலும் நீங்குவதில்லை. அறுவைக்குப் பின் பல மாதங்கள் பளு தூக்கவும் இயலாது. எனவே கிழிவு உண்டு என்பதோடு படிம அறிக்கை நின்றுவிடலாகாது. கொழுப்பின் நிலையும் மெலிவின் அளவும் அதில் இடம்பெற வேண்டும். அவ்விவரமே, இழக்கவிருக்கும் கூலிக்கு ஈடான பயன் கிட்டுமா என்பதை உழைப்பவர் மருத்துவரோடு சீர்தூக்க உதவும்.