பங்குனித் திருவிழா காண மூன்று ஊர்கள்

பின்பனி விடைபெற்று இளவேனில் எட்டிப் பார்க்கும் மாதம் பங்குனி. வேம்பு பூக்கும்; மாமரம் பிஞ்சு விடும்; கோயில்களில் கொடியேறும். பேரப்பிள்ளைகளின் தேர்வுகளும் முடியும் தறுவாயில் இருக்கும். குடும்பமாக எங்கேனும் சென்று வரலாம் என்ற பேச்சு வீடுகளில் எழுவது இந்த நாள்களில்தான்.

அந்தப் பேச்சில் பெரியவர்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். "இந்த வயதில் திருவிழாக் கூட்டத்துக்குப் போக வேண்டுமா? தொலைக்காட்சியில் நேரலை வருகிறதே" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது அக்கறையினால்தான். முழங்கால் வலி உண்மை. ஓய்வூதியத்தில் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டியிருப்பதும் உண்மை. பழநியிலும் மதுரையிலும் திருவிழாக் காலத்தில் அறை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் வாடகை கையைக் கடிக்கும். ஆகவே ஆசையை மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, "இனி நமக்கு எதற்கு?" என்று அமர்ந்துவிடுகிறார்கள்.

ஆனால், உற்சவம் என்பது எதற்காக ஏற்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கருவறைவரை வந்து தொழ இயலாத முதியோருக்கும் நோயுற்றோருக்கும் காட்சி தரவே இறைவன் வீதிக்கு எழுந்தருளுகிறான் என்பது பெரியோர் வாக்கு. அப்படியானால் திருவிழாவில் முதல் உரிமை முதியவர்களுக்கே உரியது. ஊரையும் நாளையும் நேரத்தையும் சற்று யோசித்துத் தேர்ந்துகொண்டால் போதும். அதிகம் பேசப்படாத, ஆனால் பங்குனியில் ஊர் முழுவதும் திருவிழாக் கோலம் பூணும் மூன்று தலங்களை இங்கே காணலாம்.

வெண்ணெய் மணக்கும் மன்னார்குடி

"திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு" என்பது சோழநாட்டில் வழங்கும் சொல். திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மன்னார்குடியை வைணவ அடியார்கள் தட்சிண துவாரகை என்று போற்றுவர். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்த இராஜகோபால சுவாமி திருக்கோயிலைப் பின்னாளில் தஞ்சை நாயக்க மன்னர்கள், குறிப்பாக விஜயராகவ நாயக்கர், பெரிதும் விரிவாக்கினர். மூலவர் வாசுதேவப் பெருமாள். தாயார் செங்கமலத் தாயார். உற்சவர் இராஜகோபாலனோ மாடு மேய்க்கும் கோலத்தில், ஒரு காதில் குண்டலமும் மறு காதில் தோடும் அணிந்து நிற்கிறார். கோபியருடன் விளையாடிய அவசரத்தில் அணி மாறிப்போயிற்று என்று அடியார்கள் சொல்லி மகிழ்வர்.

கோயிலின் திருக்குளமான ஹரித்ரா நதி 1,158 அடி நீளமும் 837 அடி அகலமும் உடையது. ஏறத்தாழ 23 ஏக்கர் பரப்புள்ள இக்குளக்கரையில் மாலை வேளையில் அமர்ந்திருப்பதே ஒரு மன நிறைவு.

இங்குப் பங்குனிப் பெருவிழா 18 நாள்கள் நடைபெறும். அதைத் தொடர்ந்து 12 நாள்கள் விடையாற்றி. பெருவிழாவில் ஊரே காத்திருப்பது 16ஆம் நாள் வெண்ணெய்த்தாழி உற்சவத்துக்கு. தவழும் கண்ணனாக, வெண்ணெய்க் குடத்துடன் பெருமாள் காலையில் பல்லக்கில் எழுந்தருளுவார். வீதியின் இருபுறமும் நிற்கும் அடியார்கள், கையில் உள்ள வெண்ணெயைக் கண்ணன்மீது வீசி மகிழ்வர். வேறெங்கும் பெருமாளை நெருங்கத் தயங்கும் கைகள், இங்குத் தெருவில் விளையாடும் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல வெண்ணெயை அள்ளி எறிகின்றன. பாட்டியும் பேத்தியும் ஒரே பொட்டலத்திலிருந்து வெண்ணெய் எடுத்து வீசலாம். பேரப்பிள்ளைகளுக்குப் பக்தியைச் சொல்லிக் கொடுக்க இதைவிட எளிய பாடம் வேறு கிடைக்காது.

முதியோர் கருத வேண்டியவை இரண்டு. வெண்ணெய் சிந்திய வீதி வழுக்கும். ஆகையால் பல்லக்கின் பின்னால் நடக்க முயலாமல், அது வரும் வழியில் நிழலான ஓரிடத்தில் முன்கூட்டியே அமர்ந்துவிடுவது நல்லது. மறுநாள் தேரோட்டம், வடம் பிடிக்கும் கூட்டத்தில் நுழையாமல் தொலைவில் நின்று தொழுவதே தக்கது. இந்த நெருக்கமே வேண்டாம் என்பவர்கள் விடையாற்றி நாள்களில் சென்றால் அமைதியாகச் சேவிக்கலாம்.

சென்னை எழும்பூரிலிருந்து மன்னார்குடிக்கு இரவு நேர விரைவு ரயில் உண்டு. அறை கிடைக்காவிட்டால் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ தங்கிக்கொண்டு பேருந்தில் வந்து போகலாம். இரண்டும் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குள்தான். திருவாரூரும் அருகிலேயே இருக்கிறது. அங்குத் தியாகராஜப் பெருமானின் இடப்பாத தரிசனம் பங்குனி உத்திரத்தன்றுதான் கிட்டும். வலப்பாதம் காண மார்கழித் திருவாதிரைவரை காத்திருக்க வேண்டும்.

காவடிச் சிந்து பிறந்த கழுகுமலை

தென்பாண்டி நாட்டின் கரிசல் பூமியில், கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், சங்கரன்கோவில் செல்லும் வழியில் இருக்கிறது கழுகுமலை. சடாயுவின் தமையனான சம்பாதி முருகப்பெருமானை வழிபட்ட தலம் என்பது தலபுராணம். மலையைக் குடைந்து அமைந்த குகைக் கோயிலில் கழுகாசலமூர்த்தி மேற்கு நோக்கி வீற்றிருக்கிறார். சந்நிதி மலையின் உடலோடு ஒன்றியிருப்பதால், கோயிலை வலம் வர வேண்டுமானால் மலையையே வலம் வர வேண்டும்.

அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து இந்தக் கழுகுமலை முருகனைப் பற்றியதே. அந்த மெட்டுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர், பங்குனி உத்திரத்தில் காவடிகள் வரும் இந்த வீதிகளில் ஒருமுறையேனும் நிற்க வேண்டும். பங்குனி உத்திரமே இங்குத் தலையாய பெருவிழா. சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து மக்கள் திரண்டு வருவார்கள், தேரோட்டமும் உண்டு. பெருநகரக் கோயில்களின் தள்ளுமுள்ளு இன்றி, ஒரு கிராமத்துத் திருவிழாவின் நெருக்கமான உறவை இங்கே உணரலாம்.

முருகன் சந்நிதி அடிவாரத்திலேயே இருப்பதால் மலையேற வேண்டியதில்லை. மலைமேல் உள்ள வெட்டுவான் கோயிலைக் காணத்தான் படியேற வேண்டும். ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி, எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் உருவாக்கிய இந்தக் கோயில் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அருகில் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஏற இயலாத பெரியவர்கள் கோயிலில் அமர்ந்திருக்க, இளையவர்கள் சென்று வரலாம்.

இங்குக் கவனிக்க வேண்டியது வெயில். கரிசல் மண்ணின் பங்குனி வெயில் கடுமையானது. காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் தரிசனத்தை வைத்துக்கொண்டு, நடுப்பகலில் கோவில்பட்டியில் ஓய்வெடுப்பது நலம். மதுரை - திருநெல்வேலி ரயில் பாதையில் கோவில்பட்டி நிலையம் உள்ளது. அங்கே தங்கும் விடுதிகளும் உண்டு.

வைரமுடி ஒளிரும் மேலக்கோட்டை

கர்நாடக மாநிலம் மாண்டியா மாவட்டத்தில், மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள மேல்கோட்டையைத் தமிழ் வைணவர்கள் திருநாராயணபுரம் என்றே அழைப்பர். சோழநாட்டை விட்டுச் சென்ற இராமாநுஜர் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர் இது. அவர் விடைபெற்றபோது அடியார்கள் பிரிவு தாளாமல் வருந்த, அவர்களுக்காக அமைந்த திருவுருவமே "தமர் உகந்த திருமேனி" என்று இன்றும் இங்கு வணங்கப்படுகிறது. தில்லியிலிருந்து இராமாநுஜர் மீட்டுவந்த உற்சவர் செல்வப்பிள்ளை. அந்நிய மொழி பேசும் மாநிலத்தில் ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரம் ஒலிப்பதைக் கேட்கும்போது கண்கள் பனிக்கும்.

பங்குனிப் பூச நட்சத்திரத்தன்று இரவு வைரமுடி சேவை. திருமாலின் கிரீடத்தைப் பிரகலாதனின் மகன் விரோசனன் கவர்ந்து செல்ல, கருடன் அதை மீட்டுவந்து செல்வப்பிள்ளைக்குச் சூட்டினான் என்பது ஐதிகம். மாண்டியா அரசுக் கருவூலத்தில் காக்கப்படும் வைரமுடி, அன்று காவலுடன் ஊர்வலமாக மேல்கோட்டைக்குக் கொண்டுவரப்படும். பகலொளி படலாகாது என்பதால் இரவில் மட்டுமே பெருமாள் அதை அணிந்து வீதியுலா வருவார்.

இரவு முழுவதும் விழித்திருக்கும் விழா என்பதால், உடல்நலம் இடம் கொடுப்பவர்களுக்கே இது ஏற்றது. மற்றவர்கள் பிரம்மோற்சவத்தின் வேறு நாள்களில் செல்லலாம். யோக நரசிம்மர் மலைக்கோயிலுக்குப் படிகள் பல. கீழிருந்தே கைகூப்பினாலும் அவன் அறிவான். கல்யாணித் தீர்த்தக்கரையும் இவ்வூர்ப் புளியோதரையும் அனைவருக்கும் எட்டக்கூடியவை.

செலவும் முன்னேற்பாடும்

பயணச் செலவை உயர்த்துவது பெரும்பாலும் கடைசி நேர ஏற்பாடுதான். பஞ்சாங்கம் கைக்கு வந்தவுடன் பங்குனிப் பூசமும் உத்திரமும் எந்நாளில் வருகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். பூசத்திலிருந்து நான்காம் நாள் உத்திரம். மன்னார்குடி விழா நாள்களைக் கோயில் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆயினும் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பதிந்தால் அது கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. திருவிழா ஊரிலேயே அறை தேடாமல் பக்கத்து ஊரில் தங்கினால் வாடகை குறையும். இரவில் உறக்கமும் கெடாது. தேர் நாளுக்குப் பதிலாக அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாள்களைத் தேர்வதும் பணத்தையும் உடலையும் ஒருங்கே காக்கும்.

அன்றாட மருந்துகளை இரண்டு நாள்களுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும். பெயரும் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதைக் காலையிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை: பெற்றோர் கேட்பது வெளிநாட்டுப் பயணத்தை அன்று. ஒரு திண்ணையோர நிழலும், இரண்டு நாள் துணையும், வீதி வழியே வரும் பெருமாளை ஒரு நிமிடம் நேரில் காணும் பேறும்தான். வரும் பங்குனிக்குக் கால்கள் எப்படி இருக்கும் என்று எவரும் சொல்ல இயலாது. இந்தப் பங்குனியில் அழைத்துச் செல்லுங்கள்.