பொன்மேல் ஒரு மூலக்கூறுப் போர்வை

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்பர். பீங்கான் கலங்களின் மெருகில் சிலபொழுது மயிரிழை வெடிப்புகள் சிலந்திவலைபோல் ஓடக் காணலாம். சூளையிலிருந்து ஆறும்போது மண்ணுடலைவிட மெருகு மிகுதியாகச் சுருங்குவது அதற்கு ஒரு காரணமாகும். அதன் சுருக்கம் சற்றே குறைந்திருப்பின், மெருகு அழுத்தத்தில் நின்று கலத்திற்கு வலிமை தரும். பூச்சின் தகுதியை அறிய, விசைக்கு அது எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்று காணவேண்டும்.

மெருகைக் கண் காணும். ஒரேயொரு மூலக்கூறின் உயரமே உடைய பூச்சை எவ்வாறு காண்பது?

1983ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தின் நுசோ, அல்லாரா இருவரும், கந்தகச் சேர்மங்கள் பொன்மீது தாமே அணிவகுத்துப் படலமாவதை வெளியிட்டனர். இத்தகைய படலத்தில் கந்தக முனை பொன்னைப் பற்றிக்கொள்ள, கரிமச் சங்கிலி வயல் நாற்றுப்போல் மேல்நோக்கி நிற்கும். நேராக அன்று, ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து. பதினெட்டுக் கரியணுச் சங்கிலியாயினும் கனம் 2 நானோமீட்டரைச் சற்றே தாண்டும். நாம் எழுதும் தாளின் கனத்தில் இது ஏறக்குறைய நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு.

1986இல் வந்த அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் இப்படலத்தை அழுத்தி விசையை அளக்கலாம். முனைக்கடியில் ஒவ்வொரு மூலக்கூறும் என் செய்கிறது என்பதோ தெரியாது. அதனைக் கணிப்பொறியில் போலச்செய்து காண்கின்றனர்.

இவ்வழியை வகுத்த முன்னோடிகளுள் ஒருவர் ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரகுமான். 1964இல் 864 ஆர்கான் அணுக்களைக் கணிப்பொறியில் இயக்கி நீர்மத்தின் இயல்பை ஆராய்ந்தார். அண்டை அணுக்கள் தரும் விசையைக் கணித்து, நியூட்டன் விதிப்படி அணுவைச் சிறிது நகர்த்தி, மீண்டும் கணிக்கவேண்டும், முறை அவ்வளவே. அமெரிக்க இயற்பியல் கழகம் இவர் பெயரால் பரிசு வழங்குகிறது. நம் மாணவர் பலர் இப்பெயரைக் கேட்டதும் இல்லை!

இம்முறையில் படலத்தை அழுத்தினால், சங்கிலிகள் முதலில் மேலும் சாய்கின்றன. பின்னர் நுனிகள் முறுக்கிக்கொள்கின்றன. நெருங்கி நிற்கும் நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று தாங்கி, முனை விலகியதும் பெரும்பாலும் நிமிர்கின்றன. குட்டைச் சங்கிலிகளின் ஒழுங்கு எளிதில் குலையும். அழுத்தம் மிகின் மூலக்கூறுகள் ஒதுங்கி, முனை உலோகத்தையே தொட்டுவிடும். நுண்பொறிகளின் உராய்வைக் குறைக்க முயல்வோர்க்கு இவ்வெல்லையே முதன்மையானது.

ஆயினும் திரையிற் காண்பதை அப்படியே நம்பலாகாது. ஒரு கணிப்பு அடிக்குப் பெம்டோ நொடி, அஃதாவது நொடியின் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கே கழியும். பத்து இலட்சம் அடி கணித்தாலும் ஒரு நானோ நொடிதான். அதற்குள் முனை ஒரு நானோமீட்டர் இறங்க, நொடிக்கு ஒரு மீட்டர் விரைவு வேண்டும். ஆய்வகத்தில் அது நொடிக்குச் சில மைக்ரோமீட்டரே நகரும். மெல்ல அழுத்தும்போது மூலக்கூறுகளுக்கு ஒதுங்க நேரமுண்டு. விரைந்து அழுத்தும்போது இல்லை. எனவே அதே அழுத்தத்தைப் பல விரைவுகளில் கணித்துப் பார்த்து, விடை விரைவோடு மாறினால் அவ்விடையை ஐயத்துடனேயே ஏற்கவேண்டும்.