நல்ல மனது மட்டும் போதுமா?



வார்டு கட்ட வேண்டும், எக்ஸ்ரே இயந்திரம் வாங்க வேண்டும் என்றால் மனமுவந்து கொடுக்கிறீர்கள். ஆனால் ஒரு டாக்டரோ நர்ஸோ 'சிகிச்சைத் தர மேம்பாடு' படிக்கப் போகிறார், அதற்கு உதவுங்கள் என்றால், "வைத்தியம் படித்தவருக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கு இருதய ஆபரேஷன் நடந்துவந்தது. 1988-இல் அங்கு மயக்க மருந்து நிபுணராகச் சேர்ந்த டாக்டர் ஸ்டீபன் போல்சின், குழந்தைகள் அதிகமாக மரிப்பதைக் கவனித்துக் கணக்கெடுக்கத் தொடங்கினார். பலரிடம் எடுத்துச் சொல்லியும் 1995 வரை ஆபரேஷன்கள் நிற்கவில்லை. பிறகு நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2001-இல் வெளியாயிற்று. 1991 முதல் 1995 வரையில் மட்டும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர், இத்தகைய வேறோர் இடத்தில் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக அங்கே மரித்தனர் என்று அது கண்டது.

அந்த மருத்துவர்கள் இரக்கமற்றவர்கள் என்று அறிக்கை சொல்லவில்லை. அர்ப்பணிப்போடு உழைத்தவர்கள் என்றே சொல்லிற்று. ஆனால் ஒரே குழுவாக இயங்கவில்லை. தங்கள் வேலையின் பலனை ஒன்றாக உட்கார்ந்து நேர்மையாகப் பார்க்கவில்லை. தரத்திற்கு யார் பொறுப்பு என்பதும் தெளிவாக இல்லை. அன்பும் தியாகமும் நிறைந்த இடம் என்று நாம் நம்பும் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும் என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது.

இந்தச் செய்தி வெளிவந்துகொண்டிருந்த காலத்தில், 1997 இறுதியில், பிரிட்டிஷ் அரசு 'கிளினிக்கல் கவர்னன்ஸ்' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. பெயர் கடினமானாலும் பொருள் எளிது. வரவு செலவுக்குப் பதில் சொல்வதுபோல, சிகிச்சையின் தரத்துக்கும் நிர்வாகமே பதில் சொல்ல வேண்டும். 1999-இல் இது சட்டப்படியான கடமையாயிற்று.

இதைப் படிப்பவர் முதலில் எண்ணக் கற்றுக்கொள்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை பேருக்குப் புண்ணில் சீழ் வைத்தது? எத்தனை பேருக்கு மருந்து தாமதமாயிற்று? எண்ணிய பின் ஒரு வார்டில் மட்டும் சிறிய மாற்றம் செய்து, மறுபடி எண்ணுகிறார். தவறு நடந்தால் "யார் செய்தது?" என்பதோடு நிற்காமல், "எப்படி நடக்க முடிந்தது?" என்றும் கேட்கப் பழகுகிறார். இந்தக் கடைசிப் பாடம்தான் கடினம். திட்டுவார்களோ என்று பயப்படும் நர்ஸ் தவறை மறைப்பார். மறைத்தது நாளை இன்னொரு நோயாளிக்கு நேரும்.

இதனால் பலன் உண்டா? 2007, 2008-ஆம் ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியாக, டாக்டர் அதுல் கவாண்டே தலைமையில் எட்டு நகரங்களில் 19 குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியலைப் பரீட்சித்தார்கள். நோயாளியின் பெயர், எந்தப் பக்கம் ஆபரேஷன், ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா, பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா என்பன போன்றவை. எல்லாரும் அறிந்தவைதான்; சத்தமாகக் கேட்டுச் சரிபார்ப்பதே புதிது. பெரிய ஆபரேஷன்களில் ஏற்பட்ட சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும், மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும் குறைந்தன. அந்த எட்டு ஆஸ்பத்திரிகளில் டில்லியின் செயின்ட் ஸ்டீபன்ஸும், தான்சானியாவில் இஃபகாராவின் செயின்ட் பிரான்சிஸும் இருந்தன. இரண்டும் மிஷன் ஊழியத்தில் பிறந்தவை.

ஆனால் பட்டியலை அச்சடித்து மாட்டினால் போதாது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 ஆஸ்பத்திரிகள் அதைக் கொண்டுவந்தும் மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கட்டங்களில் டிக் போடுவது வேறு, நின்று கேட்பது வேறு என்பதே என் எண்ணம். நிற்க வைக்கத் தெரிந்தவர் ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும், படிப்பு அதற்குத்தான்.

ஒரு கணக்கு நோட்டின்மேல் கொடையாளர் பெயர்ப் பலகை வைக்க முடியாதுதான். எனினும் அடுத்த முறை நீங்கள் ஆதரிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, புதிய கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "சென்ற வருடம் இங்கே எத்தனை ஆபரேஷன் புண்களில் சீழ் வைத்தது?" என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். உடனே நோட்டைத் திறந்து காட்டுகிறார்களா என்றும் பாருங்கள்.