புண்ணுக்குக் கட்டும் சாரம்

சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணுடன் வருவோரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பதுண்டு: "டாக்டர், புண்மேல் தாள்போல ஒன்றை வைத்துக் கட்டினீர்களே, அது என்ன?"

பெரும்பாலும் அது கொலாஜன் படலம். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதமே கொலாஜன். மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் திசுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்துகிறார்கள். சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோல் பதனிடும் ஆய்வோடு நின்றுவிடாமல், தீக்காயங்களுக்கான கொலாஜன் படலங்களையும் உருவாக்கியது.

தென்காசிக் கோபுரத் திருப்பணிக்குச் சாரம் கட்டியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இப்படலமும் ஒரு சாரமே. புண்ணைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் இதைப் பற்றிக்கொண்டு உள்ளே நகர்ந்து புதிய திசுவை வளர்க்கும். வேலை முடிந்தபின் கோபுரச் சாரத்தை அவிழ்க்க வேண்டும். இதுவோ சிறுகச் சிறுகத் தானே கரைந்துவிடும்.

நம் மலைக்கு அப்பால், திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் இன்னொரு வழியைக் கண்டது. பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கிவிட்டு, எஞ்சிய வலைப்பின்னலைப் படலமாக்கினார்கள். உயிரணுக்களை நீக்குவதால், உடல் அதை அயற்பொருளென்று எதிர்ப்பது குறைகிறது. 'கோலிடெர்ம்' எனும் அப்படலத்துக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதல் கிடைத்த செய்தி 2023-இல் வெளியானது.

ஆயினும், சாரம் கட்டிவிட்டால் மட்டும் கோபுரம் எழுந்துவிடாது. காலுக்கு இரத்த ஓட்டம் இருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். அழுகிய சதையும் சீழும் அகற்றப்பட வேண்டும். புண்பட்ட காலை ஊன்றி நடப்பதைத் தவிர்க்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விலையுயர்ந்த படலம் வீணாகும். எல்லாப் புண்ணுக்கும் அது தேவைப்படுவதுமில்லை.

படலம் வைக்குமுன், அது எந்த உயிரினத்திலிருந்து பெறப்பட்டது என்று தயங்காமல் கேளுங்கள். சமய நம்பிக்கையாலோ உணவு நெறியாலோ ஒன்று உங்களுக்கு ஏற்புடையதன்று எனில் முன்கூட்டியே சொல்லுங்கள்; மாற்று வழி தேடலாம். மீனோ இறைச்சியோ ஒவ்வாமை தருமெனில் அதையும் மறைக்காதீர்கள்.

வீட்டில் கட்டைப் பிரித்துப் படலத்தை உரித்தெடுக்காதீர்கள். பச்சிலையோ பொடியோ தூவாதீர்கள். துர்நாற்றம், காய்ச்சல், பெருகும் வீக்கம், விரல் கறுத்தல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், அடுத்த முறை கட்டு மாற்றும் நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அந்த ஒரு நாள் ஒரு காலைக் காப்பாற்றக்கூடும்.