புல்லட்டை வெட்டாதீர்கள்

வடசென்னையில் பேசின் பிரிட்ஜ், பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்தால் சில இடங்களில் ஒரு புல்லட் சாய்ந்து நிற்கும். தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டிய வண்டி. சீட்டின் மேல் செய்தித்தாள் கட்டு, ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு, டேங்க் மூடியைச் சுற்றித் துரு. "காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?" என்று வீட்டில் ஒருவர் வருடா வருடம் கேட்பார். அப்படி நிற்கும் வண்டியைப் பார்க்கும் இன்றைய இருபது வயதுப் பையனுக்கு வேறு யோசனை வருகிறது. மட்கார்டைக் கழற்றி, சீட்டைச் சின்னதாக்கி, ஹேண்டில்பாரைக் கீழே இறக்கி, ஒரு கஃபே ரேசர் ஆக்கிவிட வேண்டும் என்று.

நல்ல ஆசை. அதை எப்படி ஒழுங்காக நிறைவேற்றுவது என்று சொல்லும்முன், கையில் இருப்பது என்ன வண்டி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. இந்திய ராணுவத்துக்கு வாங்கிய புல்லட்டுகள் நன்றாக உழைத்ததுதான் அதற்குத் தூண்டுதல். திருவொற்றியூர் தொழிற்சாலை 1956-ல் திறந்தது. ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது 1856-ல். சரியாக நூறு வருடம் கழித்து, அதே கடற்கரையில் சற்று வடக்கே, இன்னொரு வகை எஞ்சின் உருவாகத் தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்ததை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சும் கருவிகளும் வந்து, 1960-களில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. தாய் நிறுவனம் 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. திருவொற்றியூர் நிறுத்தவில்லை. 1977-ல் இங்கிருந்து பிரிட்டனுக்கே புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது.

இரும்பு சிலிண்டர் கொண்ட அந்த 350 சி.சி. எஞ்சின், கிட்டத்தட்ட அதே அடிப்படை வடிவில் 2000-களின் கடைசிவரை வந்தது. இது சாதாரண விஷயம் இல்லை. ஐம்பது வருடப் பழைய வண்டிக்கு இன்றும் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் போய் பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட் கேட்டு வாங்க முடிகிறது என்றால் காரணம் அதுதான்.

இனி கஃபே ரேசர். 1950-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கைக்கு வேலையும் சம்பளமும் வந்த இளைஞர்கள் உருவாக்கிய பழக்கம் இது. லண்டனின் வட்டச்சாலையில் இருந்த ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடுவார்கள். அங்கிருந்து கிளம்பி மணிக்கு 100 மைலைத் தொட்டுவிட வேண்டும் என்பது கனவு. புது ரேஸ் வண்டி வாங்கக் காசு இல்லாததால், கையில் இருந்த வண்டியையே மாற்றினார்கள். நார்ட்டன் சேசிஸில் டிரையம்ப் எஞ்சினை வைத்து 'டிரைட்டன்' என்று பெயர் சூட்டினார்கள். ராயல் என்ஃபீல்டே 1964-ல் 250 சி.சி.யில் 'கான்டினென்டல் ஜிடி' என்ற பெயரில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கஃபே ரேசர் தோரணையோடு ஒரு வண்டியை வெளியிட்டது. அதே பெயரை 2013-ல் சென்னை மீண்டும் எடுத்துக்கொண்டு 535 சி.சி.யில் ஒன்று செய்தது, 2018-ல் 650 சி.சி.யில் இன்னொன்று.

நம் ஊரிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்து 1980-களின் இறுதிவரை ரேஸ் நடந்தது. பேசின் பிரிட்ஜ் தாண்டி கல்கத்தா சாலையைப் பிடித்தால் சோழவரம்தான். அங்கே ரேஸுக்குப் போன வண்டிகளில் தேவையில்லாததை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினார்கள். கஃபே ரேசர் என்ற சொல் இங்கே வருவதற்கு முன்பே, அந்த எண்ணம் வந்துவிட்டது.

அந்தத் தோரணை வெறும் அழகுக்காக வந்ததில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். அதைத் தள்ள எஞ்சின் தர வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். பழைய புல்லட் எஞ்சினிடம் இருப்பதே சுமார் 18 குதிரைத்திறன். சக்தியைக் கூட்ட முடியாதவன் காற்றுக்குக் காட்டும் உடம்பைக் குறைக்க வேண்டும். அதனால்தான் ஹேண்டில்பார் கீழே இறங்கியது. கை முன்னால் போனதால் இடுப்பு பின்னால் போனது, இடுப்போடு காலும் போக வேண்டியிருந்தது, ஃபுட்ரெஸ்ட் பின்னே நகர்ந்தது. முடுக்கும்போது பின்னுக்குச் சரியாமல் இருக்க சீட்டின் முடிவில் ஒரு மேடு வந்தது. ஒன்றிலிருந்து ஒன்றாக வந்த மாற்றங்கள் இவை. ஹேண்டில்பாரை மட்டும் இறக்கிவிட்டு ஃபுட்ரெஸ்ட்டைப் பழைய இடத்திலேயே விட்டால், உடம்பின் பாரம் முழுதும் மணிக்கட்டில் விழும். மூலக்கொத்தளத்திலிருந்து மின்ட் வரைக்குமான நெரிசலிலேயே கை மரத்துவிடும்.

சரி, மாடிப்படிக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு வருவோம். முதல் வேலை ஸ்பானரை எடுப்பது இல்லை. ஆர்.சி. புக்கைத் தேடுவது. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அதில் உள்ளபடியே வண்டியில் இருக்கின்றனவா என்று துருவைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

அடுத்து, ஆசையில் கிக்கரை மிதித்துவிடக் கூடாது. பல வருடம் அசையாத எஞ்சினில் பிஸ்டன் ரிங் இரும்பு சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, ஓரிரு நாள் விட்டு, டாப் கியரில் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். புல்லட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. எஞ்சின் ஆயிலுக்குத் தனி டேங்க் இல்லை, கிராங்க் கேஸின் பின்பக்க அறையிலேயே இருக்கும். வண்டி நீண்ட நாள் நின்றால் அந்த ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் சுழலும் அறையில் தேங்கிவிடும். வடிக்காமல் கிளப்பினால் தெரு முழுக்கப் புகை.

வடசென்னையில் நின்ற வண்டிக்கு உப்புக்காற்றின் சேதம் தனி. சேசிஸ் துரு கண்ணுக்குத் தெரியும், தேய்த்து எடுக்கலாம். அலுமினிய கிராங்க் கேஸில் இறங்கிய இரும்பு போல்ட்டுகள்தான் தலைவலி. இரண்டு உலோகம், நடுவே உப்பு ஈரம் என்றால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம்தான். மரையைச் சுற்றி வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும். அந்த போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறியும், அல்லது மரையோடு பிய்த்துக்கொண்டு வரும். சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடுபடுத்தினால் அது இரும்பைவிட அதிகமாக விரியும், பிடி தளரும். பொறுமையான மெக்கானிக் ஒருவர் ஒரு போல்ட்டுக்கு அரை நாள் செலவழித்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள். உங்கள் கிராங்க் கேஸைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

டேங்க் உள்துருவுக்கு மின்பகுப்பு நல்ல வழி. தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து டேங்கை நிரப்பி, நடுவே டேங்கைத் தொடாமல் ஒரு இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்குக்கும் பாசிட்டிவைக் கம்பிக்கும் கொடுத்தால் துரு இளகி வரும். கம்பி எவர்சில்வராக இருக்கக் கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பழைய டேங்கில் ஓட்டை என்று வெல்டிங்குக்குக் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காலி டேங்கில் மிஞ்சும் பெட்ரோல் ஆவி, ஊற்றிய பெட்ரோலைவிட ஆபத்தானது.

பெட்ரோலே இப்போது மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுக்க நின்றது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் ஊற வைத்துக் கெடுக்கும், சிலவகை ஃபைபர் டேங்குகளின் பிசினையும் இளக்கும். கஃபே ரேசர் ஆக்குபவர்கள் விரும்பி மாட்டுவது அந்த நீளமான ஃபைபர் டேங்கைத்தான். என்னைக் கேட்டால் பழைய இரும்பு டேங்கையே சுத்தம் செய்து மாட்டுங்கள் என்பேன். அதன் ஓரத்தில் ஓடும் பொன்கோட்டைத் திருவொற்றியூர்த் தொழிலாளர்கள் தூரிகை பிடித்துக் கையால் போட்டார்கள். அதற்கு ஈடாக ஒரு ஸ்டிக்கரும் வராது.

எஞ்சினுக்குள் போனால் இந்த வண்டியின் சுபாவம் புரியும். சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. நீள ஸ்ட்ரோக். உச்ச சக்தி கிடைக்கும் 5,600 சுற்றில், பிஸ்டன் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. அதுவும் நேராக இல்லை, 11,000 தடவைக்கு மேல் நின்று நின்று திரும்பி. அந்த அடியை எல்லாம் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள மிதக்கும் புஷ் தாங்குகிறது. அதற்கு ஆயில் தடையில்லாமல் வர வேண்டும். கனமான ஃபிளைவீல் இருப்பதால் மெதுவாகச் சுற்றினாலும் எஞ்சின் அணையாது. 800 சுற்றில் நொடிக்கு ஆறேழு வெடிப்புதான். காது அவற்றைத் தனித்தனியாகக் கேட்கிறது, நாம் 'டப் டப்' என்கிறோம். இப்படிப்பட்ட எஞ்சினை ரேஸ் எஞ்சினாக்க, கேம் மாற்றி, கம்ப்ரஷன் ஏற்றி, சைலன்சரைத் திறந்துவிடுவது அதன் இயல்புக்கு விரோதம். லேத்துப் பட்டறையில் கொடுத்து அளவாக போர் போட்டு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, வால்வு லேப்பிங் செய்து, தீப்பொறிக்கான பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தால் அது தன் 18 குதிரைகளையும் தரும். போதும்.

வேகத்துக்கு முன்னால் பிரேக். டிரம்மைத் திறக்கும்போது உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கேபிள், லைனர், டயர், ஸ்போக் எல்லாம் புதிதாகட்டும்.

வெளித்தோற்றத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். புல்லட்டின் முகத்தில் ஹெட்லைட், ஸ்பீடோ மீட்டர், ஆம்பியர் மீட்டர் எல்லாம் ஒரே அலுமினிய வார்ப்பில் இருக்கும். அது வெறும் மூடி இல்லை. முன் ஃபோர்க் குழாய்கள் மேலே அதில்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. கிளிப்-ஆன் ஹேண்டில்பார் வைப்பதற்காக அதை ரம்பத்தால் அறுத்த வண்டிகளைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அந்த முகத்தை அப்படியே விட்டு, தாழ்வான ஒரு ஹேண்டில்பாரை மாட்டினாலே பாதி வேலை முடிந்தது. ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னே நகர்த்தும்போது ஒரு சிக்கல் வரும். பழைய புல்லட்டில் கியரும் கிக்கரும் வலப்பக்கம். ஃபுட்ரெஸ்ட் போய் கிக்கர் வழியில் நிற்கும். அதனால் மடங்கும் ஃபுட்ரெஸ்ட் வேண்டும், கியருக்கு ஒரு இணைப்புக் கம்பி செய்ய வேண்டும். எல்லாம் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் பூட்டுவதாக இருக்கட்டும். ஒரு தகடு கூட சேசிஸில் வெல்டிங் ஆகக் கூடாது, பின் வளையத்தை அறுக்கவும் கூடாது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், இரண்டு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-ல் சொல்லியிருக்கிறது. சேசிஸை அறுப்பவர் தெருவுக்கு வர முடியாத வண்டியைத்தான் உருவாக்குகிறார். இரண்டாவது, 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி விண்டேஜ் வாகனமாகத் தனிப் பதிவு பெறலாம். 1970-களின் தொடக்கத்துப் புல்லட்டுகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஒரு மாலைப்பொழுதின் ரம்ப வேலை அந்தத் தகுதியை நிரந்தரமாகப் பறித்துவிடும். கழற்றிய மட்கார்டையும் டூல் பாக்ஸையும் பழைய சீட்டையும் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, அதே மாடிப்படிக்குக் கீழே வையுங்கள்.

எல்லாம் பூட்டியாகிவிட்டதா? சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்துங்கள். முள் நடுவுக்கு வந்தால் பாயின்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் உச்சியருகே நிற்கிறது. சிலிண்டர் அழுத்தத்தை வெளிவிடும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து உச்சியைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உடம்பையும் போட்டு ஒரே மிதி. பலமில்லாதவர்கூடக் கிளப்பலாம். இந்த வரிசை தெரியாத பயில்வானைக் கிக்கர் திருப்பி அடிக்கும்.

முதல் ஓட்டம் திருவொற்றியூர் வரை போதும், போகவர இருபது கிலோமீட்டருக்குள். புது ரிங் படியும்வரை பாதி வேகத்துக்கு மேல் வேண்டாம். திரும்பி வந்ததும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நைசான தூள் தெரிந்தால் புது ரிங்கும் சிலிண்டரும் பழகுகின்றன. விரலில் நெருடும் அளவுக்குத் துணுக்கு மின்னினால், கனெக்டிங் ராடின் புஷ் போய்க்கொண்டிருக்கிறது. எஞ்சினை மறுபடி இறக்க வேண்டும்.